செல்லாத எண்: ஒரு பாகூர்ப் பத்திரமும் ஃபைல் ஹேண்டிலும்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பழைய பத்திரம் இருக்கிறது. தாத்தா நிலம் வாங்கியபோது நொத்தேர் எழுதிக் கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலம். மடிப்பெல்லாம் கிழிந்து, அப்பா பின்பக்கம் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். அதில் கதாஸ்தர் எண் என்று ஒரு எண். பரப்பு ஹெக்டேர், ஆர், சென்டியார் கணக்கில். பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஆனால் அப்பா படித்ததும் அத்தைகளுக்குக் கல்யாணம் ஆனதும் அந்தத் துண்டில் விளைந்த நெல்லில்தான்.

போன வருஷம் அதை எனக்கும் தம்பிக்கும் பிரித்து எழுதி வைத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். விவரம் எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அப்பா பத்திரத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னார். அங்கிருந்தவர் கணினியில் தட்டினார். திரையில் வேறு ஒருவர் பெயர் வந்தது. பரப்பும் வேறு.

"இது உங்க நிலம் இல்லையே சார்."

அப்பா முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. என் பக்கம் திரும்பி, "நம்ம நிலம் யார் பேருக்கும்மா போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்து மேஜையில் இருந்த வயதானவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது கதாஸ்தர் நம்பர். நீங்க ரீ-சர்வே நம்பர் இல்ல சொல்லணும்" என்ற பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துவிட்டது. என்னை உறுத்தியது வேறு. "இப்படி ஒரு எண்ணே கிடையாது" என்று திரை சொல்லியிருந்தால் எங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும், அதோடு சரி. அது அப்படிச் சொல்லவில்லை. எண் இருந்தது, விவரமும் வந்தது, நிலம் மட்டும் வேறு. இந்த வித்தியாசம் எனக்குப் புதிதில்லை. நான் பிழைப்புக்காகப் பார்ப்பது சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. அங்கே இதே பிரச்சினைக்கு ஐம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு பொருளைக் குறிக்க உங்கள் கையில் ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு எத்தனை நாள் செல்லும்? அதை யார் முடிவு செய்வது? செல்லாமல் போனால் அது எப்படித் தெரியவரும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

செருப்பு டோக்கன்

கணினிப் பக்கம் வராதவர்களுக்காகக் கோயில் வாசலில் இருந்து தொடங்குகிறேன். செருப்பை விடுகிறோம், ஒரு டோக்கன் தருகிறார்கள். டோக்கன் செருப்பு அல்ல, செருப்பின் பெயரும் அல்ல. உள்ளே இருக்கும் ஒரு தட்டைக் குறிக்கும் எண். அதைக் காட்டினால் போதும், செருப்பின் நிறம், அளவு எதையும் விளக்க வேண்டியதில்லை.

இயங்குதளத்தில் ஃபைல் ஹேண்டில் என்பது இதுதான். ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்கிறது. இயங்குதளம் பாதையைப் பார்த்து, கோப்பைத் தேடி, அனுமதி இருக்கிறதா என்று சோதித்து, ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு படிப்பதும் எழுதுவதும் அந்த எண்ணை வைத்துத்தான். ஹேண்டில் என்றால் கைப்பிடி. குடத்தை எப்படித் தூக்குவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டாம், பிடி இருந்தால் போதும்.

இந்தப் பிடி எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதில்தான் ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்தார்கள்.

முதல் பதில்: நீ விடும்வரை

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே கோப்பைத் திற, மூடு, பெயரை நீக்கு என்ற கட்டளைகள் இருக்கின்றன. மூன்றாவதைக் கவனியுங்கள். யூனிக்ஸில் 'கோப்பை அழி' என்று நேரடியான கட்டளை கிடையாது. பெயரை நீக்குவதுதான் உண்டு.

காரணம், யூனிக்ஸில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பின் உண்மையான அடையாளம் ஐநோட் எண். அடைவு என்பது 'இந்தப் பெயர், இந்த எண்' என்ற பட்டியல் மட்டுமே. ஊரில் ஒரே ஆளுக்குப் பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று இருப்பது மாதிரி ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கலாம். எல்லாப் பெயரும் போய், திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் மூடிய பிறகுதான் கோப்பு உண்மையில் சாகும்.

ஆக, நீங்கள் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது வேறொருவர் அதன் பெயரை நீக்கினாலும் உங்கள் ஹேண்டில் செல்லும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் உள்ளே குடியிருப்பவர் கிளம்பும்வரை வீட்டை இடிக்க மாட்டார்கள். அனுமதியும் அப்படித்தான். திறக்கும்போது ஒருமுறை சோதித்ததோடு சரி. பிறகு அனுமதியைப் பறித்தாலும் ஏற்கெனவே திறந்த ஹேண்டில் வேலை செய்யும்.

நியாயமான பதில்தான். ஆனால் இதற்கும் ஒரு செலவு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு நள்ளிரவில் எனக்கு அது புரிந்தது. வட்டு நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை. பெரிய பதிவுக் கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து அழித்தேன். வட்டில் ஒரு பைட் கூடக் குறையவில்லை. பெயரைத்தான் நீக்கியிருந்தேன். அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நிரல் ஹேண்டிலை விடவில்லை, எனவே கோப்பும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வட்டு முழுக்க உட்கார்ந்திருந்தது. நிரலை மறுபடி தொடங்கிய பிறகுதான் இடம் திரும்பி வந்தது.

விண்டோஸ் மறு முனையில் நின்றது. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை, அந்த நிரல் முன்கூட்டியே இசைவு கொடுத்திருந்தால் ஒழிய, இன்னொருவர் அழிக்க முடியாது. 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்ற செய்தியைப் பார்த்து எரிச்சல்படாதவர் யார்? இரண்டிலும் ஹேண்டில் வைத்திருப்பவருக்குத்தான் வாக்குறுதி. யூனிக்ஸ் அந்தச் செலவை வட்டின் தலையில் போட்டது, விண்டோஸ் அழிக்க வந்தவர் தலையில் போட்டது.

யூனிக்ஸில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஹேண்டில் எண்கள் 0, 1, 2 என்று சின்ன எண்கள். மூடிய எண்ணை யூனிக்ஸ் உடனே திரும்பப் பயன்படுத்தும். புதிதாகத் திறக்கும்போது காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண்ணைத் தர வேண்டும் என்பதே விதி. நிரலின் ஒரு பகுதி 5-ம் எண்ணை மூடிவிடுகிறது. இன்னொரு பகுதி வேறொரு கோப்பைத் திறக்க, அதற்கும் 5 கிடைக்கிறது. மூடியது தெரியாத மூன்றாவது பகுதி பழைய நினைப்பில் 5-ல் எழுதுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. எழுதியது போய்ச் சேரும் இடம்தான் தப்பு. திரையில் வேறொருவர் பெயர் வந்ததே, அதே கதை.

இரண்டாவது பதில்: என்றென்றைக்கும்

1980-களில் கணினிகளை வலையில் இணைத்தார்கள். கோப்பு ஓரிடத்தில், அதைப் படிப்பவர் இன்னோரிடத்தில். 1984-85-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ் இதற்காக வந்தது. அதை வடிவமைத்தவர்கள் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள். சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்ற பேரேடே அதனிடம் கிடையாது.

ஏன்? சர்வர் விழுந்து எழுந்தால் நினைவு போய்விடும். நினைவே இல்லாவிட்டால் இழக்க எதுவும் இல்லை. மின்சாரம் போய் வந்ததும் சர்வர் ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். கேட்டவர் பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்.

செருப்புக் கடையில் காலையில் இருந்த பையன் போய்விட்டான், மாலையில் வேறு பையன், பேரேடு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லாத் தகவலும் டோக்கனிலேயே இருந்தாக வேண்டும். என்எஃப்எஸ் ஹேண்டில் அப்படித்தான். எந்தக் கோப்பு முறைமை, எந்த ஐநோட் எண் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். 1989-ல் வெளியான இரண்டாம் பதிப்பின் விளக்கத்தில் அதன் அளவு 32 பைட். 1995-ல் வந்த மூன்றாம் பதிப்பில் 64 பைட் வரை. சர்வர் எத்தனை முறை விழுந்து எழுந்தாலும், கோப்பு இருக்கும்வரை அந்த ஹேண்டில் செல்ல வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ச் செப்பேடு ஞாபகம் வரும். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வடிவமைப்பே ஒன்றுதான்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ம் ஆட்சியாண்டில், அதாவது 9-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்தார்கள். சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி. வடமொழியிலும் தமிழிலும் செப்பேட்டில் பொறித்து, ஏடுகளை வளையத்தில் கோர்த்தார்கள். இம்மாதிரி சாசனங்களில் யார் கொடுத்தது, யாருக்கு, எந்த நிலம், எல்லை எது என்ற விவரம் வரும். எவ்வளவு காலம் செல்லும் என்பதற்குச் சாசனங்களில் வழக்கமாக வரும் சொல் 'சந்திராதித்தவல்'. சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

அரசன் மாறலாம், அதிகாரி மாறலாம். அவர்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லாமல் போகலாம். ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் அதைக் காட்டினால் போதும். தகவல் சீட்டிலேயே இருக்கிறது. சோழர் காலச் சாசனங்களில் கொடையை 'வரியிலிட்ட' செய்தியும் வரும், அதாவது அரசின் வரிக்கணக்கிலும் பதிந்தார்கள். ஆனால் ஓலையில் எழுதிய கணக்கு போய்விட்டது. செம்பில் எழுதிய சீட்டுதான் நின்றது.

எவ்வளவு தூரம் நின்றது என்று பாருங்கள். 1879-ல் இந்த ஏடுகள் பாகூரில் கண்டெடுக்கப்பட்டன. இன்று அவை இருப்பது பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில். பல்லவர் போய், பாகூர் அழகிய சோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் வாங்கி, ராஷ்டிரகூடன் கன்னரதேவன் பெயரிலும் மூலநாதர் கோயிலில் கல்வெட்டு வெட்டி, பிரெஞ்சுக்காரர் வந்து, அவர்களும் போனார்கள். ஹேண்டில் அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்து மாறவில்லை. அது குறித்த கல்லூரிதான் இல்லை.

சந்திர சூரியர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இன்று அந்த ஏட்டைக் கொண்டுபோய் மூன்று ஊர் வரியைக் கேட்க முடியுமா? சீட்டு எத்தனை காலம் செல்லும் என்று சீட்டில் எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பழைய உதாரணம் இதுதான். சீட்டைக் கொடுத்தவரின் இடத்தில் இருப்பவர் அதை மதித்தாக வேண்டும், அது குறித்த பொருளும் இருந்தாக வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் மிஞ்சுவது செம்பு.

என்எஃப்எஸ்ஸுக்கும் இதே நிலை வந்தது. நீங்கள் ஹேண்டில் வைத்திருக்கும்போது இன்னொரு கணினியிலிருந்து ஒருவர் கோப்பை அழிக்கிறார். சர்வரிடம் பேரேடு இல்லையே, நீங்கள் வைத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? அழித்துவிடும். அடுத்த முறை நீங்கள் ஹேண்டிலைக் காட்டினால் வரும் பதில்தான், சர்வர் பார்க்கும் எல்லோருக்கும் கெட்ட கனவில் வரும் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்'. பழசாகிப்போன பிடி. யூனிக்ஸின் பழைய வாக்குறுதி வலைக்கு வந்ததும் உடைந்துவிட்டது. அதே கணினியில் இருப்பவர் அழித்தால் மட்டும் ஓர் ஒட்டுப்போட்டார்கள். உண்மையில் அழிக்காமல், புள்ளி வைத்து என்எஃப்எஸ் என்று தொடங்கும் ஒரு விசித்திரப் பெயருக்கு மாற்றி ஒளித்து வைப்பது. அடைவுகளில் அந்தப் பெயர்களைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு இதுதான் விளக்கம்.

தலைமுறை எண்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கோப்பு அழிந்தது. அதன் ஐநோட் எண் காலியானது. அடுத்து உருவாகும் கோப்புக்கு அதே எண் கிடைக்கலாம். பழைய ஹேண்டில் இன்னும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அவர் அதைக் காட்டினால் சர்வர் எதைக் கொடுக்கும்? எண் சரியாகப் பொருந்துகிறது. புதுக் கோப்பைக் கொடுத்துவிடும். உங்கள் சம்பளப் பட்டியலைக் கேட்டவருக்கு இன்னொருவரின் மருத்துவ அறிக்கை.

இதை 1985-லேயே சன் பொறியாளர்கள் யோசித்திருந்தார்கள். அவர்கள் வைத்த தீர்வு மிகச் சின்னது. ஒவ்வோர் ஐநோட்டுக்கும் ஒரு தலைமுறை எண். ஐநோட் எண் மறுபடி பயன்படும்போதெல்லாம் தலைமுறை எண் மாறும். ஹேண்டிலில் இரண்டும் இருக்கும். ஐநோட் பொருந்தி, தலைமுறை பொருந்தாவிட்டால் சர்வர் 'ஸ்டேல்' என்று சொல்லிவிடும். காலைக்கு நீல டோக்கன், மாலைக்குச் சிவப்பு டோக்கன் மாதிரி. நீல 17-ஐக் காட்டிச் சிவப்பு 17-ன் செருப்பை வாங்க முடியாது.

அதனால்தான் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற செய்தியை நான் இப்போது திட்டுவதில்லை. அது நேர்மையான பதில். 'உன் சீட்டு எதைக் குறித்ததோ அது இப்போது இல்லை' என்று ஒத்துக்கொள்கிறது. வேறொன்றை எடுத்துக் கையில் திணிக்கவில்லை.

அப்பா சொன்ன எண்ணுக்கு நேர்ந்தது இந்தத் தலைமுறைச் சிக்கல்தான். பிரெஞ்சு ஆட்சியில் நிலங்களுக்கு இருந்தவை கதாஸ்தர் எண்கள். இந்தியாவோடு சேர்ந்த பிறகு நிலத்தை மறுபடி அளந்து புது எண்கள் கொடுத்தார்கள். பாகூரிலும் வில்லியனூரிலும் புதுச்சேரியின் மற்ற கொம்யூன்களிலும் ஒரே வயலுக்கு இரண்டு எண். ஒரே எண்ணுக்கு இரண்டு வயல். புதுச்சேரிப் பத்திரங்களிலும் செய்தித்தாளில் வரும் ஏல அறிவிப்புகளிலும் 'ரீ-சர்வே எண் இன்னது, கதாஸ்தர் எண் இன்னது' என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர்கள் எதற்கு இந்தக் குழப்பம் என்று கேட்பார்கள். அதுதான் குழப்பத்தைத் தடுக்கிறது. எந்த அளவையின் எண் என்று சொல்லும் அந்த ஒரு சொல்தான் தலைமுறை எண். நாங்கள் அதைச் சொல்லாமல் வெறும் எண்ணைச் சொன்னோம். திரையும் எந்த வரிசை என்று கேட்காமல் பதில் சொல்லிவிட்டது.

மூன்றாவது பதில்: குத்தகை

என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பு 2000 டிசம்பரில் வெளியானது. பதினைந்து வருஷ அனுபவத்தில் கற்றதை அதில் சேர்த்தார்கள். 'என்றென்றைக்கும் செல்லும்' என்ற வாக்குறுதியை எல்லாச் சர்வராலும் காப்பாற்ற முடியாது என்பது முதல் பாடம். எனவே ஹேண்டிலை இரண்டு வகையாக்கினார்கள். நிலையானது, காலாவதியாகக்கூடியது. சர்வர் எந்த வகையைத் தருகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, பிழைச்செய்தியையும் இரண்டாகப் பிரித்தது. ஒன்று 'ஸ்டேல்': பொருளே இல்லை. மற்றது 'எக்ஸ்பயர்டு': சீட்டுக்குத்தான் காலம் முடிந்தது, பொருள் இருக்கலாம், பெயரைச் சொல்லித் திரும்பத் தேடு. 'உன் நிலம் போய்விட்டது' என்பதற்கும் 'உன் எண் மாறிவிட்டது' என்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்த அலுவலகத்தில் அப்பாவுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது பதில்தான்.

இன்னொன்று, சர்வருக்கு மறுபடி நினைவு கொடுத்தார்கள், ஆனால் கெடு வைத்து. இதன் வேர் 1989-ல் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. தலைப்பிலேயே குத்தகை என்ற சொல்தான். நம்மூரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் காணாமல் போனால் நிலம் உரியவரிடம் திரும்பும். திறந்த கோப்பு, போட்ட பூட்டு எல்லாம் அப்படியே. ஒரே வித்தியாசம், லினக்ஸ் சர்வரில் இயல்பான குத்தகைக் காலம் 90 நொடி.

சர்வர் விழுந்து எழுந்தால்? பேரேடு போயிருக்கும். எழுந்ததும் சர்வர் ஒரு சலுகைக் காலம் கொடுக்கும். அந்த நேரத்தில் புதியவர்களுக்கு எதுவும் கிடையாது. முன்பு வைத்திருந்தவர்கள் மட்டும் வந்து 'இது என்னுடையது' என்று உரிமை கோரலாம். கோராதவர் இழப்பார்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1962. வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான கைமாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். நடுவில் எட்டு வருஷம், நடைமுறையில் ஒரு சர்வர், சட்டத்தில் இன்னொரு சர்வர். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் இரண்டு விஷயங்களை யோசித்திருந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். இது சலுகைக் காலமேதான். அந்த ஆறு மாதத்தில் போய்க் கையெழுத்துப் போட்ட வீடுகளும் போடாத வீடுகளும் இன்றும் எங்கள் பக்கத்தில் ஒரே தெருவில் இருக்கின்றன. விதி வேறு வேறாகிப்போனது.

சட்டத்திலும் அதே கவனம் இருந்தது. 1962-ன் புதுச்சேரி நிர்வாகச் சட்டம், அதுவரை நடப்பில் இருந்த சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும் என்றது. அதாவது சர்வரை மாற்றினார்கள், பழைய ஹேண்டில்களை ஒரே நாளில் வெட்டிவிடவில்லை. தாத்தாவின் நொத்தேர் பத்திரம் மறுநாள் காலையில் வெறும் காகிதமாகாமல் இருந்தது அதனால்தான்.

சரி, எவ்வளவு காலம்?

இத்தனைக்கும் பிறகு என் பதில் இதுதான். எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. யார் ஞாபகம் வைத்துக்கொள்ளும் செலவை ஏற்கிறார்களோ, அவர்களால் முடிந்த காலம்தான் ஹேண்டிலின் ஆயுள். ஒரே கணினிக்குள் என்றால் மூடும்வரை. வலையில் என்றால் புதுப்பிக்கும்வரை. செம்பில் எழுதினால் அதற்கும் மேல், ஆனால் எதிர்முனையில் மதிக்க ஆள் இருக்க வேண்டும்.

ஆயுளைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு, அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். செத்த ஹேண்டில் செத்ததாகவே இருக்க வேண்டும். அது சத்தமில்லாமல் வேறொரு பொருளைச் சுட்டத் தொடங்கக் கூடாது. 'செல்லாது' என்ற பதிலால் ஒரு நாள் வீணாகும். தவறான பதிலால் ஒரு நிலமே போகலாம். எண்ணைத் திரும்பப் பயன்படுத்துங்கள், தவறில்லை. தலைமுறையையும் கூடவே எழுதுங்கள். இது பழங்கதையும் இல்லை. ஓடும் நிரல்களுக்கான எண்ணில் இதே ஓட்டை பல காலம் இருந்தது. முடிந்துபோன நிரலின் எண் வேறொன்றுக்குக் கிடைக்க, நிறுத்தச் சொன்னது தவறான நிரலைப் போய்த் தாக்கும். லினக்ஸ் இதற்கென்று தனி ஹேண்டிலைச் சேர்த்தது 2019-ல்தான்.

எங்கள் நிலத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். பத்திரத்தில் எண்ணோடு நான்கு பக்க எல்லையும் எழுதியிருந்தது. வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நிலம் என்று. அதில் இருந்த பெயர்காரர்கள் எல்லோரும் காலமாகிவிட்டார்கள். எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்பா அவரை வரப்பில் நிறுத்தி எல்லையை வாசித்துக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்தப் புளியமரத்துக்கு இந்தாண்ட. அவரு பேரன்தான் இப்போ பயிர் வைக்கிறான், போயி கேளுங்க" என்றார். எண் காலாவதியானால் பெயரைச் சொல்லித் தேடு என்று நான்காம் பதிப்பு சொன்னதை அவர் படித்ததில்லை. பக்கத்து நிலத்தின் ரீ-சர்வே எண் கிடைத்தது, அங்கிருந்து எங்களுடையதும் கிடைத்தது. அப்பா பெயரில்தான் இருந்தது.

பாகப் பத்திரம் எழுதும்போது நான் புது எண், பழைய கதாஸ்தர் எண், இன்றைய நான்கெல்லை மூன்றையும் போடச் சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை.

"பழைய நம்பர் எதுக்கும்மா? அதான் செல்லாதுன்னு ஆயிடுச்சே."

"செல்லாட்டிப் பரவாயில்லப்பா. அது எதைச் சொன்னிச்சின்னு நம்ம பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியணும் இல்ல?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுதுபவரிடம், கதாஸ்தர் என்ற சொல்லை எண்ணுக்கு முன்னால் தெளிவாகப் போடச் சொன்னார்.